டொரொண்டோவில் முதல் குளிர்காலம்: பிள்ளை வீட்டுக்கு வரும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு

கனடாவில் இருக்கும் மகனோ மகளோ "இந்த வருஷம் குளிர்காலத்துல வாங்களேன்" என்று கூப்பிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். டிசம்பரில் பிரசவம், கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் எல்லாருக்கும் லீவு, அப்பாவுக்கு அறுபது நிறைகிறது, இப்படி ஏதாவது. அந்தக் குளிரை நம்மால் தாங்க முடியுமா என்று தயங்கினால் என் பதில் ஒன்றுதான்: தாராளமாக வாருங்கள். ஆனால் குளிரைப் பற்றிப் படும் கவலையில் பாதியைத் தேதிகள் மேல் திருப்புங்கள். உடம்பு பழகிவிடும், ஜாக்கெட் கடையில் கிடைக்கும். எந்த மாதம் வந்து இறங்குவது, எந்த விசேஷத்தை எப்போது வைப்பது, அன்றைக்குப் பனிப்புயல் அடித்தால் மாற்று நாள் எது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டவர்களுக்கு இங்கே குளிர்காலம் நல்லபடியாகவே போகிறது.

நான் டொரொண்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பகுதிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். வினிபெக், எட்மண்டன் போகிறவர்கள் குளிர் பற்றிச் சொல்வதை இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். வான்கூவர் போகிறவர்களுக்கு முதலில் வேண்டியது குடை.

செப்டம்பரில் வந்து இறங்குங்கள்

முதல் முறை வருபவர்கள் டிசம்பர் நடுவில் டிக்கெட் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. சென்னையில் 30 டிகிரியில் விமானம் ஏறி, மறுநாள் மைனஸ் பத்தில் இறங்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்? நேர வித்தியாசத்தால் தூக்கம் வேறு கெட்டிருக்கும். மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். முதல் வாரத்திலேயே "ஊருக்கே போயிடலாம்" என்று தோன்றிவிடும்.

செப்டம்பர் கடைசியில் வந்தால் கதையே வேறு. வெயில் இருக்கும், மேப்பிள் இலைகள் நிறம் மாறும், பக்கத்துத் தெருக்களை நடந்தே பார்த்துக்கொள்ளலாம். நூலகம் எங்கே, பஸ் நிறுத்தம் எங்கே, தமிழ்க் கடை எவ்வளவு தூரம் என்பதெல்லாம் ஸ்னோ விழுவதற்கு முன்பே காலுக்குத் தெரிந்துவிடும். அக்டோபரில் ஸ்வெட்டர், நவம்பரில் ஜாக்கெட் என்று உடம்பும் படிப்படியாக இறங்கும். அக்டோபர் இரண்டாவது திங்கள்கிழமை தேங்க்ஸ்கிவிங். பிள்ளைகளுக்கு மூன்று நாள் தொடர் விடுமுறை கிடைப்பதால், குடும்பத்தோடு வெளியே போய்வர அதைவிட நல்ல சமயம் அதற்கப்புறம் பல மாதங்களுக்கு வராது.

விசா, காப்பீடு, மாத்திரை

சாதாரண விசிட்டர் விசாவில் பொதுவாக ஒரு முறைக்கு 6 மாதம் தங்கலாம். சூப்பர் விசா என்றால் ஒரு முறை நுழைந்து 5 வருடம் வரை இருக்கலாம். 2022 ஜூலைக்கு முன்பு இது 2 வருடமாக இருந்தது, பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம். சூப்பர் விசா குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் பெற்றவர்களின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் உரியது. பிள்ளை வேலை அனுமதியில் மட்டும் இருந்தால் கிடைக்காது. பிள்ளையின் வருமானத்துக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு, உங்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, குறைந்தது ஒரு வருடத்துக்கு 1,00,000 கனடிய டாலர் மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இந்தக் காப்பீட்டில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒண்டாரியோ அரசின் இலவச மருத்துவம் வருகையாளர்களுக்குக் கிடையாது. அவசரப் பிரிவுக்கு ஒரு முறை போனாலே பெரிய பில் வரும். விலையை மட்டும் பார்த்து பாலிசி எடுக்காதீர்கள். இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். ஒன்று, முன்பே இருக்கும் நோய்களுக்கு, அதாவது சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் போன்றவற்றுக்கு, பாதுகாப்பு உண்டா? இரண்டு, "ஸ்டெபிலிட்டி பீரியட்" எத்தனை நாள்? பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 90 நாளோ 180 நாளோ அந்த நோய் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். மாத்திரையின் அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோகூட மாற்றம் என்று கணக்கு வைத்துவிடும் பாலிசிகள் உண்டு. ஆகவே டாக்டரிடம் கடைசி நேர செக்கப்புக்குப் போகாமல், பயணத்துக்கு ஆறேழு மாதம் முன்பே போய் மருந்தை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் மொத்தப் பாலிசியும் போய்விடும்.

மாத்திரை கொண்டுவருவதற்கும் வரம்பு இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு 90 நாள் அளவுதான், அதுவும் கடைப் பாக்கிங்கோடு, சீட்டோடு. டப்பாவில் கொட்டிக் கொண்டுவராதீர்கள். டாக்டரின் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் வேதிப்பெயரையும் எழுதி வாங்குங்கள். நம்மூர்ப் பெயரைச் சொன்னால் இங்கே மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாது. நாம் பாராசிட்டமால் என்பதையே இங்கே அசிட்டமினோஃபென் என்று எழுதியிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால், வாக்-இன் கிளினிக்கில் பணம் கட்டிப் புதுச் சீட்டு வாங்கிக்கொள்ளும் திட்டத்தை இரண்டாவது மாதத்திலேயே தொடங்குங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்று. இங்கே ரத்தச் சர்க்கரையை வேறு அலகில் சொல்வார்கள். நம்மூர் எண்ணை 18 ஆல் வகுத்தால் இங்குள்ள எண் வரும். 126 என்பது 7, 180 என்பது 10. "எனக்கு ஏழு தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் பயந்துவிட வேண்டாம். இன்சுலினைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். உறைந்துபோன இன்சுலினைத் திரும்ப உருக வைத்துப் பயன்படுத்தக் கூடாது.

புளூ தடுப்பூசியை ஊரிலேயே போட்டுக்கொண்டு வருவது நல்லது. நிமோனியா தடுப்பூசி உங்களுக்குத் தேவையா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நவம்பரில் பென்ஷன்

இதைப் பலர் மறந்துவிட்டு டிசம்பரில் தவிக்கிறார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழை நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதலே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கான நேர்காணல் மாதம் வேறு, உங்கள் கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிச் செய்யும் வசதி இருக்கிறது. அதைப் புறப்படும் முன் ஊரில் ஒரு தடவை பழகிப் பாருங்கள். இங்கே செயலி சரிவராவிட்டால் இந்தியத் துணைத் தூதரகம் வழியாகச் சான்றிதழ் வாங்கி அனுப்பலாம். டொரொண்டோவிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது.

வங்கி ஓடிபி வரும் இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். இது இல்லாமல் மேலே சொன்னது எதுவும் நடக்காது.

என்ன உடுத்துவது

ஊரில் பெரிய ஜாக்கெட் வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். விமான நிலையத்திலிருந்து வீடு வரை தாங்கும் ஒரு ஸ்வெட்டரும் சால்வையும் போதும். மற்றதை இங்கே வாங்குங்கள். நம்மூரில் மலைப்பிரதேசத்துக்கென்று விற்கும் உடை இந்தக் காற்றுக்கு ஈடு கொடுக்காது.

மூன்று அடுக்கு என்று ஞாபகம் வையுங்கள். உடம்பை ஒட்டி தெர்மல், அதற்கு மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத, முழங்கால் வரை வரும் ஜாக்கெட். தெர்மலுக்குப் பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம்தான் உடம்பை விறைக்க வைக்கும். கைக்கு ஐந்து விரல் கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகப் போகும் மிட்டன் சூடு. காது மூடும் தொப்பி இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது.

ரேடியோவில் மைனஸ் பத்து என்று சொன்னால் அதோடு நிறுத்தாமல் "விண்ட் சில்" எவ்வளவு என்று கேளுங்கள். மைனஸ் பத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் இருபது. விண்ட் சில் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகலாம். ஜனவரியில் டொரொண்டோவின் சராசரி அந்த அளவுக்கு மோசமில்லை, பகலில் பூஜ்யத்தை ஒட்டியும் இரவில் மைனஸ் ஆறேழிலும் நிற்கும். மோசமான நாள்கள் நடுநடுவே வரும். அந்த நாள்களில் வீட்டில் இருங்கள், அவ்வளவுதான். யாருக்கும் நாம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

புடவை கட்டும் அம்மாக்களுக்கு: உள்ளே தெர்மல் பேண்ட், முழுக்கை ரவிக்கை, கால்களில் பூட்ஸ். பட்டுப் புடவையை வீட்டிலேயே கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். சாலையிலும் நடைபாதையிலும் பனி உருகக் கொட்டும் உப்பு, சேறோடு கலந்து புடவைக் கரையில் ஏறினால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும். புடவையைப் பையில் எடுத்துப் போய் மண்டபத்தில் கட்டிக்கொள்ளுங்கள். வேட்டிக்கும் இதே வழிதான்.

கோயிலுக்குப் போகும்போது கைப்பையில் ஒரு ஜோடி காலுறை கூடுதலாக இருக்கட்டும். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலானாலும் ஸ்கார்பரோ கந்தசாமி கோயிலானாலும், பூட்ஸ் கழற்றும் இடத்தில் எல்லாருடைய பனியும் உருகித் தேங்கியிருக்கும். நனைந்த காலுறையோடு சன்னதியைச் சுற்றினால் பிரார்த்தனையில் மனம் போகாது.

பனியில் நடப்பது

வயதானவர்களுக்குக் குளிரைவிட ஆபத்து வழுக்கி விழுவதுதான். இடுப்பெலும்பு முறிந்தால் அந்தப் பயணத்தின் திட்டங்கள் அத்தனையும் அங்கேயே நின்றுவிடும்.

புதிதாக விழுந்த பஞ்சுப் பனியில் நடப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பகலில் உருகி இரவில் மறுபடி உறைவதுதான் ஆபத்து. தரை கறுப்பாக, வெறுமனே ஈரமாக இருப்பதுபோலத் தெரியும். அது கண்ணாடி போன்ற ஐஸ். பிளாக் ஐஸ் என்பார்கள். உறைமழை, அதாவது தரையில் விழுந்ததும் ஐஸாகும் மழை, பெய்த மறுநாள் காலையிலும், கார் நிறுத்துமிடங்களிலும், வாசல் படிகளிலும் இதை எதிர்பார்த்தே காலை வையுங்கள்.

நடை இப்படி இருக்கட்டும்: காலைச் சற்று அகட்டி, பாதம் முழுவதும் தரையில் பதிய, சின்னச் சின்ன அடியாக, பென்குயின் மாதிரி. கைகளை ஜாக்கெட் பைக்குள் விடாதீர்கள், சமநிலைக்கு அவை வேண்டும். காரிலிருந்து இறங்கும்போது இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். விழும் காட்சிகள் பாதி கார்க் கதவருகில்தான் நடக்கின்றன என்று எனக்குத் தோன்றும்.

பூட்ஸ் வாங்கும்போது வெறும் சூட்டைப் பார்த்தால் போதாது, அடிப்பகுதி ஐஸில் பிடிக்க வேண்டும். டொரொண்டோவில் உள்ள கைட் ஆராய்ச்சி நிலையம் குளிர்கால பூட்ஸ்களை நிஜ ஐஸ் சரிவில் மனிதர்களை நடக்க வைத்துச் சோதித்து, பனித்துகள் குறிகளால் மதிப்பெண் போடுகிறது. "ரேட் மை ட்ரெட்ஸ்" என்று தேடினால் பட்டியல் கிடைக்கும். விலை உயர்ந்த பூட்ஸ்கூட அதில் தேறாமல் போயிருக்கிறது, ஆகவே பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். பூட்ஸுக்கு மேல் மாட்டும் முள்பட்டை ஐஸில் உதவும், ஆனால் கடைக்குள் பளபளத் தரையில் அதுவே வழுக்கும். உள்ளே நுழையும்போது கழற்றிவிட வேண்டும்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று. மகன் வேலைக்குப் போயிருக்கும்போது "நான் சும்மாதானே இருக்கேன்" என்று மண்வெட்டியை எடுத்து வாசல் பனியைத் தள்ளக் கிளம்பாதீர்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ஈரப்பனி கல் கனம் கனக்கும், பழக்கமில்லாத இதயத்துக்கு இரண்டும் சேர்ந்து பெரிய சுமை. உப்புத் தூவுவது உங்கள் வேலையாக இருக்கட்டும். அதுவே பெரிய உதவி.

வீட்டுக்குள்

வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் வீட்டுக்குள் 20, 21 டிகிரி இருக்கும். ஹீட்டர் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் எட்டிப் பார்க்கும். படுக்கை அறையில் காற்றுக்கு ஈரம் கொடுக்கும் ஹியூமிடிஃபயர் வையுங்கள், குளித்த ஈரம் காயும் முன்பே எண்ணெயோ கிரீமோ தடவிவிடுங்கள். தாகம் தெரியாது, இருந்தாலும் தண்ணீர் குடியுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். அகல வாய் டப்பாவில் வைத்துக்கொண்டால் தினம் சுடுதண்ணீரில் வைத்துப் போராட வேண்டாம்.

இட்லி மாவு புளிக்கவில்லையே என்று முதல் வாரத்தில் எல்லாரும் வருத்தப்படுவார்கள். ஓவனைப் பற்ற வைக்காமல், அதன் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை வைத்துவிடுங்கள். அந்தச் சூடு போதும். கூடவே "உள்ளே மாவு" என்று எழுதி ஓவன் கதவில் ஒட்டிவிடுங்கள். மருமகள் காலையில் பீட்சாவுக்கு ஓவனைச் சூடாக்கிய கதை ஸ்கார்பரோவில் வீட்டுக்கு வீடு உண்டு.

தாளிப்பதற்கு முன் புகைப்போக்கி விசிறியைப் போடுங்கள். மிளகாய் கருகினால் அலாரம் அலறும். அலறட்டும். ஆனால் பாட்டரியைக் கழற்றி வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் காட்டும் அலாரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜன்னலெல்லாம் இறுக மூடிக் கிடக்கும் வீட்டில் அது உயிர் காக்கும் கருவி.

வெயில் குறைவதால் வைட்டமின் டி-யும் குறையும். 50 வயது கடந்தவர்கள் தினம் 400 அலகு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது கனடிய சுகாதாரத் துறையின் பரிந்துரை. உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பண்டிகை நாள்காட்டி

தீபாவளிக்கு டொரொண்டோவில் நினைத்தபடி பட்டாசு வெடிக்க முடியாது. அனுமதி வாங்காமல் வெடிக்க விக்டோரியா தினமும் கனடா தினமும்தான் உண்டு, இரண்டும் குளிர்காலம் முடிந்த பிறகு வருபவை. கம்பி மத்தாப்புக்கு ஆசைப்படும் பேரனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அக்டோபர் 31 ஹாலோவீன் அவனுக்கு அந்தக் குறையைத் தீர்த்துவிடும், வாசலுக்கு வரும் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தாரின் முகம் பழகுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து ஊருக்கும் இங்கேயும் பத்தரை மணி நேர வித்தியாசம், மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை. அக்காவுக்குப் போன் செய்யும் நேரத்தை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகைக்கு அகலை ஜன்னல் ஓரத்தில் வைத்தால் திரைச்சீலையைக் கழற்றிவிட்டு வையுங்கள். அடுக்குமாடியானால் பால்கனியில் தீ வைக்க அனுமதி இருக்காது, பாட்டரி விளக்குதான். மார்கழியில் சூரியன் உதிக்கவே ஏழே முக்கால் ஆகிறது. வாசலில் கோலம் போட இடமெல்லாம் பனி. வீட்டு வாசலுக்கு உள்பக்கம் ஒரு பலகையில் போட்டுக்கொள்ளலாம், திருப்பாவையைச் சூடான அறையில் உட்கார்ந்து சொல்லலாம். ஆண்டாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பாலும் காய்கறியும் முந்தைய நாளே வாங்க வேண்டும். பரிசு கொடுத்து வாங்கும் வழக்கத்தில் நாமும் சேர வேண்டியிருக்கும். தாத்தா பாட்டியிடமிருந்து பேத்திக்கு ஒரு பொட்டலமாவது மரத்தடியில் இருக்கட்டும், காசாகக் கையில் கொடுத்தால் அவளுக்கு ருசிக்காது.

பொங்கலுக்குத்தான் இங்கே களை கட்டும். ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஒண்டாரியோ 2014இலும் கனடிய நாடாளுமன்றம் 2016இலும் அங்கீகரித்தன. ஜனவரி முழுக்க வார இறுதிகளில் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் விழா இருக்கும். தமிழ்க் கடைகளில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்துவிடும், நாலைந்து நாள் முன்பே போய் வாங்குங்கள். பானையைச் சமையலறை அடுப்பில் பொங்க வைப்பதே நல்லது. வாசலில் வைத்தே தீர வேண்டுமென்றால் திறந்த வெளியில் வையுங்கள். கராஜுக்குள் கதவை இறக்கிவிட்டு அடுப்பு மூட்டும் எண்ணமே வேண்டாம், புகையும் நச்சுவாயுவும் வீட்டுக்குள் வரும்.

பிப்ரவரி மூன்றாவது திங்கள் ஃபேமிலி டே. ஒண்டாரியோவில் 2008 முதல் அரசு விடுமுறை. குளிர்காலச் சலிப்பு உச்சத்தில் இருக்கும் மாதம் அது, வீட்டில் ஏதாவது சின்ன விசேஷம் வைக்க அந்த நாள் பொருத்தம்.

அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம்

பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள், ஊருக்கு எல்லாருக்கும் டிக்கெட் போட முடியாது என்பதால் மணிவிழாவை டொரொண்டோவிலேயே வைக்கும் குடும்பங்கள் நிறைய. செய்யலாம். ஆனால் சடங்கையும் விருந்தையும் பிரித்துவிடுங்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சடங்குக்கு நாள் நம் கையில் இல்லை. அறுபது வருடச் சுழற்சி முடிந்து பிறந்த ஆண்டே திரும்பி வரும்போது, பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் சஷ்டியப்தபூர்த்தி. 1966 சித்திரைக்கும் 1967 பங்குனிக்கும் இடையே பிறந்தவர்களின் பராபவ ஆண்டு 2026-27இல் திரும்ப வருகிறது. மார்கழி, தை பிறப்பென்றால் அது நடுக் குளிர்காலத்தில்தான் விழும், தவிர்க்க முடியாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. ஊர்ப் பஞ்சாங்கத்தில் உள்ள தேதியை அப்படியே இங்கே வைத்துக்கொள்ள முடியாது. உதாரணத்துக்கு, உங்கள் நட்சத்திரம் சென்னையில் ஜனவரி 14 மாலை 6 மணிக்குத் தொடங்கி 15 மாலை 5 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் சூரிய உதயத்தில் நட்சத்திரம் இருக்கும் நாள் 15. அதே நேரம் டொரொண்டோவில் 14 காலை 7.30இலிருந்து 15 காலை 6.30 வரை. இங்கே சூரிய உதயம் ஏறக்குறைய 7.50க்கு, ஆகவே இங்கே அந்த நாள் 14. கோயில் குருக்களிடம் டொரொண்டோ நேரத்துக்கான பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் பணம் கட்டுங்கள்.

சடங்கைக் கோயிலில், நெருங்கிய குடும்பத்தோடு, காலையில் முடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஹோமம் என்றால் அலாரம், புகை, மூடிய ஜன்னல் என்று ஆயிரம் தொல்லை. அடுக்குமாடியில் பெரும்பாலும் விடவே மாட்டார்கள். கலச நீரால் அபிஷேகம் செய்வார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். தலை நனைந்த பிறகு வெளியே போவதற்கு முன் உலர்த்த ஹேர் டிரையரும், மாற்றுத் தெர்மலும், உலர்ந்த காலுறையும் ஒரு பையில் தயாராக இருக்க வேண்டும். எண்பது வயதுக்காரரின் சதாபிஷேகம் என்றால் அபிஷேக நீரை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று குருக்களிடம் முன்பே கேளுங்கள்.

சூப்பர் விசாவில் வந்திருந்தால் விருந்தை மே மாதத்துக்கோ ஜூனுக்கோ தள்ளுங்கள். மான்ட்ரியாலிலிருந்து சம்பந்தி காரில் வர வேண்டும், நியூஜெர்சியிலிருந்து தம்பி விமானத்தில் வர வேண்டும். ஜனவரியில் ஒரு புயல் வந்தால் நெடுஞ்சாலையும் ஓடுதளமும் ஒன்றாக முடங்கும். "இல்லை, அன்றைக்கே வேண்டும்" என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், மண்டபத்திடம் பனிப்புயலுக்கு மாற்றுத் தேதி தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அழைப்பிதழிலேயே அந்த மாற்று நாளைப் போட்டுவிடுங்கள். ராத்திரி விருந்தைவிட மதிய விருந்து மேல், வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன்போ ஊர் திரும்பிய பிறகோ திருக்கடையூரில் அமிர்தகடேசுவரர் அபிராமி சன்னதியில் சடங்கைச் செய்துகொள்வது. ஊர் உறவுகளுக்கும் அதில் பங்கு கிடைக்கும்.

இருபத்தைந்தாவது, நாற்பதாவது, ஐம்பதாவது திருமண நாளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வசதிப்படும் ஒரு சனிக்கிழமை போதும்.

புயல் நாள்

2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் உறைமழை பெய்து டொரொண்டோவில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. சில வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் தாண்டியும் மின்சாரம் வரவில்லை. அப்படி ஒன்று அபூர்வம், ஆனால் 72 மணி நேரத்துக்குத் தேவையானதை வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறது அரசு. தண்ணீர், டார்ச், பாட்டரி, போன் சார்ஜர், ஒரு வாரத்து மாத்திரை, சமைக்காமல் சாப்பிட அவலும் ரொட்டியும் நிலக்கடலையும், கம்பளி. மின்சாரம் போனால் எல்லாரும் ஒரே அறையில் கூடுங்கள். கரியடுப்பையோ தோட்டத்து பார்பிக்யூவையோ வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

அவசரத்துக்கு 911. அவசரமில்லாத உடல்நலக் கேள்விகளுக்கு ஒண்டாரியோவில் 811, செவிலியரோடு பேசலாம். வீட்டு முகவரியை ஒரு தாளில் பெரிதாக எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், பதற்றத்தில் நமக்கு வீட்டு எண்ணே மறந்துபோகும். வெதர்கேன் என்ற செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் எச்சரிக்கை தானாக வரும்.

புயலன்று பள்ளிப் பேருந்து ஓடாது, ஆனால் பள்ளி திறந்திருக்கலாம். பேரனை அனுப்புவதா வேண்டாமா என்ற விவாதம் காலை ஆறரைக்கு நடக்கும், அதில் தலையிடாதீர்கள். உங்கள் பங்கு அவனுக்கு உடை மாட்டுவது. வரிசை முக்கியம்: முதலில் ஸ்னோ பேண்ட், அப்புறம் பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கடைசியில் மிட்டன். மிட்டனை முதலில் போட்டுவிட்டால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

பகல் பொழுது

மகனும் மருமகளும் வேலைக்கு, குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு வீட்டில் நீங்கள் இருவர்தான். தொலைக்காட்சியே கதி என்று இருந்தால் ஜனவரி நகராது. இருவருக்கும் தனித்தனியாக வெளியே ஒரு வேலையாவது இருக்கட்டும். பெரிய மால்களில் கடை திறப்பதற்கு முன்பே நடப்பவர்களுக்காகக் கதவைத் திறந்துவிடுவார்கள். ஸ்கார்பரோ டவுன் சென்டர் மாதிரி இடத்தில் சூடாக, வழுக்காமல் நடக்கலாம். டொரொண்டோ பொது நூலகத்துக்கு நகரம் முழுக்க 100 கிளைகள், தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. அந்த நகரில் வசிப்பவர்களுக்கு அட்டை இலவசம், முகவரிச் சான்றைக் கொண்டுபோங்கள். முதியோர் மன்றங்களில் வாரம் ஒரு முறையாவது கூட்டம் இருக்கும். யாழ்ப்பாணத்து ஆட்கள் அதிகம் இருப்பார்கள், அவர்கள் தமிழ் முதலில் காதில் பிடிபடாது, ஒடியல் கூழ் சாப்பிட்ட பிறகு பிடிபட்டுவிடும். பஸ்ஸில் 65 வயது தாண்டியவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, மகனின் காருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

திரும்பும் டிக்கெட்டை ஏப்ரல், மே மாதத்துக்குப் போடாதீர்கள். இங்கே குளிர் விட்டு செடி துளிர்க்கும்போது கிளம்பி, சென்னையின் கத்திரி வெயிலில் இறங்குவது உடம்புக்கு அடுத்த அடி. விசிட்டர் விசாவில் இருப்பவர்கள் மார்ச்சிலேயே கிளம்ப வேண்டியிருக்கும், அது பரவாயில்லை. சூப்பர் விசாவில் இருப்பவர்கள் கோடையையும் பார்த்துவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் போகலாம். ஜாக்கெட்டையும் பூட்ஸையும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். துவைத்து உலர்த்தி, ஒரு பெட்டியில் போட்டு, அளவை வெளியே எழுதி பேஸ்மென்ட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த முறை சம்பந்தி வந்தாலும் உதவும்.